செக் என்ற சொல்லுக்குள் ஒரு ராஜா

சென்ற ஆண்டுத் திருவிழாவின்போது உபயப் பணம் பெறும் மேசையில் அமர்ந்திருந்தேன். எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு வெள்ளியை நீட்டினார். நான் ரசீது எழுதி முடிப்பதற்குள், "ரசீது எதுக்குத் தம்பி? ஆத்தாளுக்குத் தெரியாததா?" என்று நகர்ந்துவிட்டார். எங்கள் பொருளாளர் பதறி எழுந்தார். "பாட்டி, வாங்கிக்கிட்டுப் போங்க! நாளைக்கு நாங்க செக் பண்ணணும்" என்றார். பாட்டி திரும்பிப் பார்த்து, "செக்கெல்லாம் என் பேரன்தாம்பா குடுப்பான். நான் ரொக்கமில்ல குடுத்தேன்!" என்று சொல்லிவிட்டுச் சந்நிதியை நோக்கிப் போய்விட்டார்.

மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் சொற்களுக்குப் பொருள் சொல்லிப் பழகிய எனக்கு அது சிரிப்போடு போகவில்லை. வங்கியில் மாற்றும் செக்கும், கணக்கைச் சரிபார்க்கும் செக்கும் ஒரே சொல்தானா? ஆம், ஒன்றேதான். கட்டம் போட்ட சட்டையைச் 'செக்' சட்டை என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பந்தான். இவற்றுக்கெல்லாம் மூதாதை ஒரு பாரசீக அரசன்!

பாரசீக மொழியில் 'ஷா' என்றால் அரசன். நம் 'க்ஷத்ரியர்' என்ற வடசொல்லும் இந்த 'ஷா'வும் 'ஆளுதல்' என்னும் ஒரே வேரில் பிறந்தவை. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையைக் கொண்டு பாரதத்தில் ஆடப்பட்ட சதுரங்கம், ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகம் சென்றது. அங்கிருந்து அரேபியர் கைக்கு மாறி ஐரோப்பாவை அடைந்தது. (மலாய்க்காரர்கள் இன்றும் இவ்விளையாட்டைச் 'சாதுர்' என்றே அழைப்பதை அன்பர்கள் அறிவீர்கள்.) எதிரியின் அரசனுக்கு ஆபத்து வரும்படி காயை நகர்த்துபவர் "ஷா!" என்று குரல் கொடுப்பார். "அரசே, எச்சரிக்கை" என்பது அதன் குறிப்பு. இந்தக் குரலே பிரெஞ்சு மொழியின் வழியாக உருமாறி ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. 'செக்மேட்' என்பதை 'அரசன் இறந்தான்' என்று பலர் விளக்குவர். சதுரங்கத்தில் அரசனை யாரும் வெட்டுவதில்லையே! 'அரசன் செயலற்று நின்றான்' என்பதே பொருத்தமான பொருள்.

இங்கேதான் சொல் வளரத் தொடங்குகிறது. 'செக்' விழுந்துவிட்டால் அரசன் தன் விருப்பப்படி ஆட முடியாது. முதலில் அந்த ஆபத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். ஆகவே 'செக்' என்பதற்குத் தடுத்து நிறுத்துதல், கட்டுப்படுத்துதல் என்ற பொருள்கள் வந்தன. நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதுதானே சரிபார்ப்பு? அந்தப் பொருளும் பின்னர் சேர்ந்துகொண்டது.

பணத்தோடு இச்சொல்லுக்கு ஏற்பட்ட உறவு இங்கிலாந்தில் உண்டானது. 12-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு மன்னரின் கருவூலத்தில் பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள ஒரு மேசை இருந்தது. அதன்மேல் கோடுகள் போட்ட துணியை விரித்து, பவுன், ஷில்லிங், பென்ஸ் என்று பகுத்து, வில்லைகளை அடுக்கிக் கணக்குப் பார்ப்பார்கள். ரோமானிய எண்களை வைத்துக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தத் துணியின் அருமை தெரியும்! ஒருபுறம் மன்னரின் பொருளாளர். எதிர்ப்புறம் வரி வசூலித்து வந்த மாவட்ட அதிகாரி. பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகையும் இரு ஆட்டக்காரர்களும் போலவே இருந்ததால் அந்தக் கருவூலத்திற்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. பிரிட்டிஷ் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் இன்றும் அச்சொல் இருக்கிறது.

அங்கே ரசீது எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? காகிதத்தில் அன்று; மரக்குச்சியில்! செலுத்திய தொகைக்கு ஏற்பக் குச்சியில் வெட்டு வெட்டுவார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அளவு, நூறு பவுனுக்குக் கட்டைவிரல் அளவு, ஒரு பவுனுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு. பிறகு வெட்டுகள் இரு பாதியிலும் தெரியும்படி குச்சியை நீளவாக்கில் பிளப்பார்கள். பணம் கொடுத்தவர் கையில் ஒரு பாதி, கருவூலத்தில் மறு பாதி. பிற்பாடு ஒருவர் கள்ளத்தனமாக இன்னொரு வெட்டுப் போட்டாலும் இரண்டையும் சேர்த்து வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு பாதி மட்டும் இருந்தால் அது வெறும் விறகு!

(விறகு என்றதும் நினைவுக்கு வருகிறது. இம்முறை 1826-இல் ஒழிந்தது. தேங்கிக் கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று இலண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் உலைகளில் போட்டு எரித்தார்கள். அன்று மாலையே தீ பரவி, நாடாளுமன்றமே பெரும்பகுதி சாம்பலாயிற்று.)

அக்குச்சியின் நீண்ட பாதிக்கு 'ஸ்டாக்' என்று பெயர். அடிமரக் கட்டை என்று பொருள். குறும்பாதிக்கு 'ஃபாயில்', அதாவது இலை. காகிதம் வந்த பிறகு கருவூலப் பத்திரங்களைக் கள்ளத்தனமாகத் தயாரிப்பதைத் தடுக்க ஒரு துண்டைப் பிரித்து வைத்துக்கொண்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்று அழைக்கப்பட்டது அந்தத் துண்டுதான். பணம் தரும் தாள் அன்று! பெயர் பின்னர் இடம் மாறித் தாளுக்குப் போய்விட்டது. பிரிட்டிஷார் கருவூலப் பெயரை ஒட்டி அதன் எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டனர். அமெரிக்கர் பழையபடியே எழுதுகின்றனர். நாம் ஒன்றைக் காச'ஓலை' என்றும் மற்றொன்றை அடிக்'கட்டை' என்றும் சொல்கிறோம். இலையும் கட்டையும் இங்கும் வந்து நிற்பதை என்னென்பது!

காசோலைக்கும் காலம் முடிந்து வருகிறது. நிறுவனக் காசோலைகளைப் படிப்படியாக நிறுத்தும் திட்டத்தைச் சிங்கப்பூர் நாணய ஆணையம் 2023-இல் அறிவித்தது. இப்போது நன்கொடையாளர்களில் பலர் கைத்தொலைபேசியிலேயே அனுப்பிவிடுகிறார்கள். அவற்றுக்கு அடிக்கட்டை இல்லை. பொருளாளர் வங்கி அறிக்கையை அச்சிட்டு, வரி வரியாகச் சிவப்பு மையால் குறியிடுகிறார்.

பாட்டியின் கதைக்கு வருகிறேன். ஆண்டுக் கணக்கைப் பார்த்த தணிக்கையாளர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். அடிக்கட்டையும் ரசீதும் பிரியாமல் புத்தகத்திலேயே இருந்தன. "ரசீது இங்கேயே இருக்கிறதே, பணம் வந்ததா இல்லையா?" என்று கேட்டார். நூறு வெள்ளிக்காக நானும் பொருளாளரும் அரை மணி நேரம் விளக்கம் சொன்னோம். தணிக்கையாளர் சொன்னபடி ரசீதைக் கிழித்து என் நாட்குறிப்பில் வைத்திருக்கிறேன். இவ்வாண்டுத் திருவிழாவுக்குப் பாட்டி வந்தால் முதல் வேலையாக அதை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.