கண்ணுக்குப் புலப்படாத அண்டை உலகம்

வைகாசி மாதத்தில், இரவு பத்து மணி அளவில், தென்திசை அடிவானத்துக்குச் சற்று மேலே ஒளிமிக்க விண்மீன் ஒன்றைக் காணலாம். ஆல்ஃபா செண்டாரி என்பது அதன் பெயர். ஒன்றாகத் தோன்றினும் உண்மையில் அங்கே இரு சூரியர்கள் உள்ளன. அவற்றுக்கு ஒரு தம்பியும் உண்டு; வெறுங்கண்ணுக்கு அகப்படாத, மங்கிய செவ்வொளி உடைய விண்மீன். 1915-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் ராபர்ட் இன்னஸ் என்பவர் கண்டறிந்த இந்தப் பிராக்சிமா செண்டாரிதான், நம் சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன். அருகில் என்றாலும், அதன் ஒளி இங்கு வந்து சேர 4.24 ஆண்டுகள் ஆகும்.

அதைச் சுற்றி ஒரு கிரகம் வலம் வருவதாக 2016 ஆகஸ்டில் வானநூலார் அறிவித்தனர். அக்கிரகத்தை எவரும் கண்ணால் கண்டதில்லை. பின் எவ்வாறு அறிந்தனர்? குழந்தையின் கைகளைப் பற்றித் தட்டாமாலை சுற்றும் தந்தையை எண்ணிப் பாருங்கள். சுற்றி வருவது குழந்தையே எனினும், தந்தையின் உடலும் சற்றே அசைந்துகொண்டிருக்கும். இருளில் குழந்தை தெரியாவிடினும் தந்தையின் அசைவைக் கொண்டே உண்மையை ஊகிக்கலாம் அல்லவா? சிலி நாட்டின் லா சில்லா மலையிலுள்ள தொலைநோக்கியின் துணையால், பிராக்சிமாவின் ஒளி நிறமாலையில் அத்தகைய அசைவை அளந்தனர். 11.2 நாளுக்கு ஒரு முறை அது முன்னும் பின்னும் ஆடியது. ஆட்டத்தின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். நாம் நடக்கும் வேகந்தான்! 40 லட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு விண்மீனின் நடையை அளந்தது, அக்கிரகத்தினும் பெரிய அதிசயம் என்பேன்.

அந்த அசைவிலிருந்து கிடைத்த செய்திகள் சிலவே. கிரகத்தின் எடை குறைந்தது பூமியின் எடை அளவேனும் இருக்கும். தன் விண்மீனிலிருந்து அது ஏறத்தாழ 75 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நமக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தூரத்தில் இது இருபதில் ஒரு பங்கே. ஆயினும் பிராக்சிமா மிக மங்கலானதாகையால், பூமி பெறும் வெப்பத்தில் மூன்றில் இரு பங்கே அங்கு விழுகிறது. காற்றுப் போர்வை இருந்தால் நீர் உறையாமல் ஓடவும் கூடும்.

இனிக் கற்பனைக்குச் சிறிது இடம் கொடுப்போம். சந்திரன் நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல, அக்கிரகமும் தன் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டக்கூடும். அவ்வாறாயின் ஒரு பாதி நீங்காப் பகல், மறு பாதி விடியா இரவு. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தி நிலத்தில் நாம் நிற்பதாகக் கொள்வோம். நம் சூரியனைப் போல மூன்று மடங்கு அகலமுள்ள செந்நிற வட்டம் அடிவானில் அசையாமல் நிற்கும். பாறைகளின் நிழல் நகராது. காலை, மாலை என்ற சொற்களுக்கு அங்கே பொருள் இராது. ஆண்டோ பதினோரு நாளில் முடிந்துவிடும். நம் பதினைந்து வயது மாணவனுக்கு அங்கே ஏறக்குறைய 490 வயது! இருள் பக்கம் சென்றால், வெள்ளியினும் பிரகாசமாக ஆல்ஃபா செண்டாரியின் இரு சூரியர்களும் ஒளிரக் காணலாம். நம் சூரியனும் ஒரு விண்மீனாகத் தெரியும்.

ஆனால் பிராக்சிமா அமைதியான விளக்கன்று. 2016 மார்ச்சில் அது திடீரெனக் கொதித்து, ஏறத்தாழ 68 மடங்கு பிரகாசித்தது. இத்தகைய சீற்றங்கள் கிரகத்தின் காற்றைச் சிறிது சிறிதாக விண்வெளிக்கு அடித்துச் சென்றிருக்கக் கூடும். காற்று எஞ்சியுள்ளதா என்பதிலேதான் அவ்வுலகத்தின் கதை முழுவதும் அடங்கியுள்ளது. அதைத் தேடும் கருவிகளுள் ஒன்றாக, சிலியில் 39 மீட்டர் அகலமுள்ள ஆடியுடன் ஒரு தொலைநோக்கி கட்டப்பட்டு வருகிறது. விண்மீனைவிட ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு மங்கலான கிரகத்தின் ஒளியைத் தனியே பிரித்தெடுத்து, அதில் ஆக்சிஜனின் அடையாளம் உண்டா என்று பார்க்க வேண்டும்.