தலைக்கவசம் காக்காத மூளை

அமெரிக்கக் கால்பந்து என்று பெயர் பெற்றிருந்தாலும் காலால் பந்தை உதைப்பது அரிதாகவே நிகழும் அந்த விளையாட்டில், பந்தோடு முன்னேற முயலும் அணியின் பதினொரு வீரர்களுள் சிலர் எதிரணியினரை உடலால் மோதித் தடுத்து வழியமைக்கின்றனர். ஏனையோர் பந்தை எறிகின்றனர், பிடிக்கின்றனர், சுமந்துகொண்டு ஓடுகின்றனர். இவ்விரு வேலைகளையும் ஒருவரே செய்யவேண்டிய இடம் ஒன்று உண்டு. தடுப்பு வரிசையின் கடைக்கோடியில், அவ்வரிசையை ஒட்டியே நிற்பதால் அவ்விடத்து ஆட்டக்காரர் ‘டைட் எண்ட்’ எனப்படுகிறார். ஒரு முறை அவர் முன்னால் நிற்பவரைத் தோளாலும் தலையாலும் முட்டித் தள்ளுவார். அடுத்த முறை வரிசையை விட்டு விலகித் திறந்த வெளியில் ஓடி, எறியப்பட்ட பந்தைப் பிடித்து, தம்மை வீழ்த்த எதிர்த்திசையில் பாய்ந்து வருபவர்களைச் சந்திப்பார்.

1960களின் தொடக்கம் வரை டைட் எண்ட் பெரும்பாலும் தடுப்பவராகவே கருதப்பட்டார். அந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர்கள் மைக் டிட்காவும் ஜான் மேக்கியும். நியூயார்க்கில் 1941இல் பிறந்த மேக்கி, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிய பின் 1963இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் சேர்ந்து, பத்துப் பருவங்களில் 331 முறை பந்தைப் பிடித்து 5,236 யார்டு தொலைவு முன்னேறினார். ஒரு யார்டு என்பது மூன்று அடி. 1966ஆம் ஆண்டில் அவர் அடைந்த ஒன்பது ‘டச்டவுன்’களில், அதாவது பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்து பெறும் புள்ளிகளில், ஆறு ஐம்பது யார்டுக்கும் மேற்பட்ட ஓட்டங்களால் வந்தவை, நூறு கிலோவுக்குச் சற்றே மேற்பட்ட எடையுள்ள ஒரு தடுப்பாளரிடம் அதுவரை எவரும் எதிர்பாராத வேகம் அது. மயாமியில் 1971 ஜனவரியில் நடந்த ஐந்தாம் சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில், ஜானி யூனிடாஸ் எறிந்த பந்து தம் அணியினர் ஒருவர் கையிலும் எதிரணியினர் ஒருவர் விரலிலும் பட்டுத் தெறித்து வர, அதைப் பிடித்து 75 யார்டு டச்டவுனாக அவர் நிறைவுசெய்தது இன்றும் அவ்விளையாட்டின் புகழ்பெற்ற காட்சிகளுள் ஒன்று.

அந்த வேகத்துக்கு உடல் கொடுத்த விலையை எளிய கணக்கால் உணரலாம். நூறு கிலோ எடையுள்ள ஒருவர் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும்போது அவரிடமுள்ள இயக்க ஆற்றல் 3,200 ஜூல். ஏறக்குறைய ஒரு மாடி உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது பெற்றிருக்கும் ஆற்றலுக்கு அது சமம். விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் அவர் தடுத்து நிறுத்தப்பட்டால், அவர் மீது செயல்படும் சராசரி விசை அவரது எடையைப்போல் நான்கு மடங்காகும்.

மண்டையோடு முறியாமல் காக்கவே தலைக்கவசம் உருவானது. அப்பணியை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் மூளை மண்டையோட்டில் இறுகப் பொருத்தப்பட்ட பொருளன்று. மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதக்கும் அம்மென்மையான உறுப்பு, தலை திடீரென நிற்கும்போதும் அதைவிட முக்கியமாகச் சுழலும்போதும், தன் நிலைமத்தால் பின்தங்கி உள்ளுக்குள் இழுபட்டு முறுக்குண்கிறது. நரம்பணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஆக்சான் என்னும் நீண்ட இழைகள் அப்போது நீட்டப்படுகின்றன. அவ்விழைகளுக்குள் பொருள்களைக் கடத்தும் நுண்குழல்களை நிலைநிறுத்துவது டாவ் என்னும் புரதம். காயம்பட்ட இழைகளில் அது குழல்களை விட்டுப் பிரிந்து, உருக்குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கல்களாகத் திரள்கிறது. பெருமூளைப் புறணியின் மடிப்புப் பள்ளங்களில், சிறு இரத்தக்குழாய்களைச் சுற்றி இத்திரள்கள் படிவதே நாட்பட்ட அதிர்ச்சிசார் மூளைச்சிதைவு என்னும் நோயின் அடையாளம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அது சி.டி.இ. என்று வழங்குகிறது.

குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்பட்ட இத்தகைய சீர்குலைவை ஹாரிசன் மார்ட்லாண்ட் என்னும் மருத்துவர் 1928இலேயே விவரித்திருந்தார். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரின் மூளையில் அதை முதன்முதலாக இனங்கண்டவர் பிட்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய நோய்க்குறியியல் மருத்துவர் பென்னட் ஒமலு. 2002இல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்னும் அவ்வீரரின் மூளையை ஆராய்ந்த அவரது கட்டுரை 2005இல் வெளிவந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீயின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கத் தேசியக் கால்பந்துக் கழகமான என்.எஃப்.எல்.லில் ஆடிய 111 பேரின் மூளைகளுள் 110இல் இந்நோய் காணப்பட்டது. அறிகுறிகளைக் கண்டு கவலையுற்ற குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன என்பதால், வீரர் அனைவருக்கும் இவ்விகிதத்தைப் பொருத்துவது தவறு. ஆயினும் இவ்வளவு பெரிய எண்ணிக்கையைத் தற்செயல் என்று ஒதுக்குவது அதைவிடப் பெரிய தவறாகும்.

631 வீரர்களின் மூளைகளைக் கொண்டு 2023இல் வெளியான ஆய்வு டைட் எண்ட் போன்ற ஆட்டக்காரர்களைப் பற்றிச் சிந்திக்க இன்னும் ஆழமான செய்தியைத் தருகிறது. மூளையதிர்ச்சி எத்தனை முறை கண்டறியப்பட்டது என்பதற்கும் சி.டி.இ.க்கும் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் தலை தாங்கிய மோதல் விசைகளின் மொத்தமே நோயை முன்னறிவிப்பதாக இருந்தது. நினைவு தவற வீழ்த்தும் பேரடியைப் பார்வையாளரும் மருத்துவரும் காண்கின்றனர். தடுப்பு வரிசையில் நாள்தோறும் பயிற்சியிலும் நிகழும் சிறு முட்டல்களை எவரும் எண்ணுவதில்லை. தடுப்பவரின் எண்ணற்ற சிறு மோதல்களையும் ஓடுபவரின் அரிய பெரு மோதல்களையும் ஒரே தலை ஏற்பது டைட் எண்ட் இடத்தில்தான்.

மேக்கி அறுபதாம் வயதை ஒட்டி மூளையின் முன்மடலையும் பக்கவாட்டு மடலையும் தாக்கும் மறதிநோய்க்கு ஆளானார். அவருடைய ஓய்வூதியம் பராமரிப்புச் செலவுக்குப் போதாததால் மனைவி சில்வியா விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குச் சென்றார். கழகத்தின் ஆணையருக்கு அவர் எழுதிய கடிதத்தின் விளைவாக, மறதிநோயுற்ற முன்னாள் வீரர்களுக்கு ஆண்டுக்கு 88,000 டாலர் வரை உதவும் திட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. 88 என்பது மேக்கி அணிந்த சட்டையின் எண். அவர் 2011 ஜூலை 6 அன்று 69ஆம் வயதில் இறந்தார். தானமாக அளிக்கப்பட்ட அவரது மூளையில் சி.டி.இ. இருந்தது பாஸ்டன் ஆய்வாளர்களால் உறுதிசெய்யப்பட்டது. இறப்புக்கு முன் அதை உறுதிசெய்யும் சோதனை இன்றும் இல்லை.

ஆடுகளத்தில் அவர் அடைந்ததைவிட, 1970இல் ஒன்றிணைந்த வீரர் சங்கத்தின் முதல் தலைவராக அவர் ஆற்றிய பணி நீடித்த பயன் தந்தது என்றே கூறவேண்டும். வீரர்கள் விருப்பம்போல் அணி மாறுவதைத் தடுத்த விதி, அவர் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கில் 1976இல் மேல்முறையீட்டிலும் சட்டவிரோதம் எனத் தீர்ப்பாயிற்று. அவர் இறந்த அடுத்த மாதமே அச்சங்கம் கழகத்தோடு செய்துகொண்ட புதிய ஒப்பந்தத்தில், பருவத்தின் பதினேழு வாரங்களில் முழுக்கவசம் அணிந்து மோதிப் பயிலும் நாள்கள் பதினான்குக்கு மேற்படக்கூடாது என்னும் வரம்பு முதன்முறையாக இடம்பெற்றது.