விசிலுக்கு முந்திய சில விநாடிகள்

2023 டிசெம்பர் 3. மன்செஸ்டர் சிற்றி, டொட்டன்ஹாம் அணிகள் 3-3 எனச் சமநிலை. 90 நிமிடங்கள் கடந்துவிட்டன. வீழ்த்தப்பட்ட ஹாலண்ட் எழுந்து, கிறீலிஷை நோக்கிப் பந்தை அனுப்பினார். ஆட்டத்தைத் தொடரக் கைகாட்டிய நடுவர் சைமன் ஹூப்பர் திடீரென விசில் ஊதினார். கோல் வாய்ப்பு அங்கேயே முடிந்தது.

தொலைக்காட்சியின் முன் நானும் கத்தினேன். பிறகுதான் உதைபந்தாட்ட விதியைப் படித்தேன். பாதிக்கப்பட்ட அணிக்குச் சாதகம் என்றால் ஆட்டத்தைத் தொடரவிடலாம். அது சில விநாடிகளுக்குள் கிட்டாவிட்டால், பழைய தவறுக்கே ப்ரீ கிக் வழங்கலாம். மஞ்சள் அட்டையை ஆட்டம் நின்றதும் காட்டலாம். ஆபத்தான முரட்டு ஆட்டம் என்றால், தெளிவான கோல் வாய்ப்பு இருந்தாலொழிய, உடனே ஊதவேண்டும்.

காத்திருந்த நடுவர் பின்னர் ஊதலாம். அவசரப்பட்டு ஊதியவரால் அந்த ஓட்டத்தை மீட்கமுடியாது, இலாபம் தவறிழைத்தவருக்கே.