நெடுஞ்சாலைப் பிழைப்பு – 7: கிளீனர் சீட்டு

"பையன் பன்னெண்டாவது முடிச்சுட்டானுங்க. ஹெவி லைசென்ஸ் எடுத்துக் குடுத்துரலாங்களா?"

நாமக்கல் சேலம் ரோட்டில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வாசலில் ஒருவர் இப்படிக் கேட்டார். கேட்டது, ஒரு மூத்த ஓட்டுநரிடம். 27 வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் வந்த வழி இப்ப இல்லீங்களே" என்றார்.

அந்த வழி இடது பக்கத்துச் சீட்டில் தொடங்கியது. பதினாறு வயதில் கிளீனராக ஏறினார். தார்ப்பாய் போர்த்திக் கயிறு இழுத்துக் கட்டுவது, டயரைத் தட்டி ஓசையிலேயே காற்றின் அளவைச் சொல்வது, மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கல் வைப்பது, ஓரங்கட்டிய இடத்தில் சோறாக்குவது என்று நாலைந்து வருடம் போனது. ஆளில்லாத சாலையில் டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைக் கையில் கொடுப்பார். பிறகு லைசென்ஸ், சிங்கிள் டிரிப், வடநாட்டு டிரிப். கையும் மனசும் சுத்தமாக இருந்தால், பத்துப் பதினைந்து வருடத்தில் முதலாளியே ஜாமீன் நின்று, பைனான்ஸில் பழைய லாரி ஒன்றை வாங்க வழி செய்வார். ஓனர் கம் டிரைவர்! நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இன்று லாரி வைத்திருக்கும் பல குடும்பங்களின் முதல் தலைமுறை இப்படி ஏறி வந்ததுதான். கிளீனர் வேலைக்குச் சம்பளம் சொற்பம்; ஆனால் அது ஒரு படிக்கட்டின் முதல் படி.

இன்று அந்தச் சீட்டு காலி. படிக்காசு (பேட்டா) மிச்சம் என்று முதலில் கிளீனரை நிறுத்தினார்கள். நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற விதியையும் 2018 நவம்பரில் மத்திய அரசு எடுத்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாமக்கல்லில் இருந்து டெல்லி ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். மணிக்குச் சராசரி 40 என்று நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினால், போய்ச் சேர ஏழெட்டு நாள் ஆகும். புக்கிங் ஆபீஸ் அவ்வளவு நாள் பொறுக்குமா? மிச்ச மணி நேரங்களை அந்த ஒற்றை ஆள் தன் தூக்கத்தில் இருந்துதான் எடுத்துக் கொடுக்கிறார். 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. நான் பேசிய டிரைவர்களில் ஒருவர்கூட அப்படி ஒரு நாளைக் கண்டதில்லை.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஓட்டுகிற தூரத்துக்குக் காசு இருக்கிறது. காத்துக் கிடக்கிற நேரத்துக்கு இல்லை. குடோன் வாசலில் லோடு இறக்க இரண்டு நாள் நின்றாலும் பெரும்பாலானவர்களுக்கு அது வெறும் நாள்தான். திரும்பும் லோடுக்காக நிற்பதும் அப்படியே. டிரிப்புக்குக் கிடைத்ததை, வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பிய நாட்களால் வகுத்துப் பார்த்தால்தான் உண்மைச் சம்பளம் தெரியும்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம். மே மாதத்தில் நாக்பூரைக் கடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் சொந்த லாரி என்ற மேல்படியும் உயரத்துக்குப் போய்விட்டது. புது 12 சக்கர லாரி பாடி கட்டி வெளியே வரும்போது 40 லட்சத்தை ஒட்டுகிறது. படிக்காசில் மிச்சம் பிடித்து அதை எட்ட முடியாது. லைசென்ஸை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கண்ணும் இடுப்பும் அவரவரிடம் கணக்குக் கேட்கும்.

ஆகவே கேட்டவருக்கு என் பதில் இது. பையனுக்கு வேலை கிடைக்கும். டிரைவர் இல்லாமல் பட்டறைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் வண்டிகள் நிற்கின்றன. மாதச் சம்பளம், பி.எஃப்., இரண்டு டிரைவர் என்று ஓட்டும் கம்பெனி வண்டியோ, கேஸ் டேங்கரோ கிடைத்தால் அனுப்புங்கள். படிக்காசை மட்டும் நம்பி ஒற்றை ஆளாக டெல்லி லைனுக்கு அனுப்பாதீர்கள். வண்டி ஏறும் முன்பே ஓட்டுநர் நல வாரியத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

மூத்தவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை அவருக்குச் சூரத் லோடு. கேபினில் ஏறிப் பார்த்தேன். கிளீனர் சீட்டில் ஒரு தண்ணீர் கேன், சின்ன கேஸ் அடுப்பு, அரிசிப் பை. அவை சரியாமல் இருக்க, பழைய தார்ப்பாய்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். முடிச்சு, கிளீனராக இருந்தபோது பழகியது.

(தொடரும்)