இரண்டு இடத்தில் வேலை பார்க்கும் பணியாளர்: கடைக்காரர் செய்ய வேண்டியது என்ன?



"பகலில் நம் கடையில் நிற்கிற பையன் ராத்திரியில் வேறு இடத்திலும் வேலை பார்க்கிறானாம். நிறுத்திவிடலாமா?" என்று மளிகைக்கடை நண்பர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கிறார்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஓட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் வேலை, பெட்ரோல் பங்க், இரவு ஷிப்ட் என்று இரண்டாவது சம்பளத்துக்கு வழி கூடிவிட்டது. திருவெண்ணெய்நல்லூர் போன்ற சிறிய ஊரிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. ஆகவே இதுபற்றி நாம் அறிந்ததை உறுப்பினர்களுக்காக எழுதுகிறோம்.

கடைத்தெருவுக்குப் புதிதல்ல

ஒரே ஆள் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பது நமக்குப் பழக்கமான சங்கதிதான். நமது கணக்குப்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பகல் முழுவதும் ஒரு மண்டியில் உட்கார்ந்து பேரேடு எழுதுவார். சாயங்காலம் இரண்டு மூன்று சில்லறைக் கடைகளுக்குப் போய் அன்றைய வரவு செலவை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். எல்லா முதலாளிகளுக்கும் இது தெரியும். ஒரு கடை துவரம்பருப்பை என்ன விலைக்கு வாங்கியது என்பதை அடுத்த கடையில் அவர் வாய் திறந்து சொல்லமாட்டார். சொன்னால் அன்றோடு அவருக்கு எந்தக் கடையிலும் இடமில்லை. மூட்டை தூக்கும் தொழிலாளரும் ஒரே கடைக்கு மட்டும் கட்டுப்பட்டவர் இல்லை.

ஆக, இரண்டாவது வேலை ஒளிவுமறைவாக நடக்கும்போதுதான் தகராறு வருகிறது.

பெரிய கம்பெனிகளில் நடந்தது

2022-ஆம் ஆண்டு கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இதே பிரச்சினை பெரிதாக வெடித்தது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்களில் சிலர், அதே நேரத்தில் இன்னொரு கம்பெனிக்கும் வேலை செய்தார்கள். விப்ரோ கம்பெனியின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கிவிட்டதாக அந்த ஆண்டு செப்டம்பரில் அறிவித்தார். இன்போசிஸ் கம்பெனி முதலில் கடுமையாக எச்சரித்தது. பிறகு அக்டோபரில், மேலதிகாரியின் அனுமதி பெற்று, கம்பெனிக்குப் போட்டியில்லாத வெளிவேலை செய்யலாம் என்று வழிவிட்டது. ஸ்விக்கி கம்பெனியோ ஆகஸ்டிலேயே வேலை நேரத்துக்கு வெளியே பிற வேலை செய்ய விதிமுறை வகுத்துவிட்டது.

கடைசியில் எல்லாம் இரண்டு நிபந்தனைகளில் வந்து நிற்கிறது: முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், போட்டியாளரிடம் வேலை செய்யக்கூடாது. நம் கணக்குப்பிள்ளைகள் சாயங்காலம் எழுதப் போகும் கடைகள் மண்டிக்குப் போட்டியில்லை, மண்டிக்காரருக்கும் அது தெரியும். இரண்டும் அதிலேயே அடக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவரை அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலைக்கு விடக்கூடாது என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-வது பிரிவு சொன்னது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் முந்தைய 12 மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இது தொழிற்சாலை, சுரங்கத்துக்கு.

நம் கடைகளுக்கு உரியது 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன்படி பணியாளருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக்கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை.

"நிறுத்திவிடலாமா" என்பதற்கும் அதே சட்டத்தின் 41-வது பிரிவில் பதில் இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நீக்க முடியாது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் தரவேண்டும். ஒழுங்கீனம் என்றால், விசாரித்துச் சாட்சியத்தைப் பதிவு செய்த பிறகே நோட்டீஸ் இல்லாமல் நீக்கலாம். கோபத்தில் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிட்டுப் பிறகு தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் நிலை நம்மவர்களுக்கு வேண்டாம்.

அரசு ஊழியர், பள்ளி எழுத்தர் போன்றோரைச் சாயங்காலக் கணக்குக்கு வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, முன் அனுமதி இல்லாமல் அவர்கள் வியாபாரமோ வேறு வேலையோ பார்க்கக்கூடாது. அவருடைய உத்தியோகத்துக்கே ஆபத்து.

நாம் கவனிக்க வேண்டியவை

முதலாவது, தூக்கம். இரவு இரண்டு மணிவரை வண்டி ஓட்டியவன் காலை எட்டு மணிக்குத் தராசின் முன் நின்றால் என்ன ஆகும்? கிலோவுக்கு 50 கிராம் கூடப் போட்டால், நாளுக்கு 20 கிலோ பருப்பு விற்கும் கடையில் நாளுக்கு ஒரு கிலோ போய்விடும். மாதத்துக்கு 30 கிலோ, அதாவது ஒரு சிப்பம். குறைத்துப் போட்டாலோ வாடிக்கையாளர் போய்விடுவார். மேலே அடுக்கிய மூட்டையை இறக்கும்போது கண் சொக்கினால் நஷ்டம் பருப்போடு நிற்காது.

இரண்டாவது, கடை ரகசியம். கொள்முதல் விலை, யாருக்கு எவ்வளவு கடன் நிற்கிறது, எந்த ஓட்டலுக்கு என்ன விலையில் சரக்குப் போகிறது, இவை வெளியே போகக்கூடாது. அதே ஊரில் இன்னொரு மளிகைக்கடையில் வேலை என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பெட்ரோல் பங்க் என்றால் பயமில்லை.

மூன்றாவது, நம் வாடிக்கையாளர். கடைக்கு வருபவரிடமே பையன் தன் சொந்த வியாபாரத்துக்கு ஆர்டர் பிடிக்கக்கூடாது.

எழுத்தில் வையுங்கள்

பெரியபுராணத்தில் சுந்தரர் வழக்கு தீர்ந்தது திருவெண்ணெய்நல்லூரில்தான். முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்துப் போட்டார். அது படிதான், மூல ஓலை வேறே இருக்கிறது என்றார் முதியவர். பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு மூல ஓலையை ஒத்துப் பார்த்து அவையோர் தீர்ப்புச் சொன்னார்கள். அது அடிமை ஓலை. நாம் எழுதுவது இருவரும் மனமொத்த உடன்பாடு. ஆனாலும் வாய்ப்பேச்சைவிட எழுத்து நிற்கும் என்பது இரண்டுக்கும் பொது.

ஒரு முழுத்தாள் போதும். வேலை நேரம், வார விடுமுறை, சம்பளம், வெளிவேலை எங்கே, எந்த நேரம், கடைச் செய்தி வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனை ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்துச் சம்பளத்தையும் ஒன்றாகக் கூட்டித்தான் வருமான வரிக் கணக்குப் பார்க்கவேண்டும் என்பதையும் பையனுக்குச் சொல்லிவையுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கும் ஓர் ஆளுக்கு ஒரே எண்தான். இரண்டு இடத்திலும் பிடித்தம் இருந்தால் அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

நம் பக்கக் கணக்கு

இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரலாம். காலை 8 மணிக்குக் கடை திறந்து இரவு 9 மணிக்குக் கட்டும்வரை ஒரே பையனை நிறுத்தி வைக்கிறோம். சாப்பாட்டுக்கு ஒரு மணி கழித்தாலும் 12 மணி நேரம். சட்டப்படி ஒரு வேலை 8 மணி என்றால், அவன் நம்மிடமே ஒன்றரை வேலை பார்க்கிறான், சம்பளம் மட்டும் ஒரு வேலைக்கு. அப்படியிருக்க இன்னொரு வேலையையும் தேடுகிறான் என்றால் வீட்டில் அரிசிக்கும் வாடகைக்கும் இழுபறி என்று பொருள்.

ஆகவே பையனை நிறுத்துவதற்கு முன்னால் அவனை உட்காரவைத்து, "ராத்திரி வேலையில் மாதம் என்ன கிடைக்கிறது?" என்று கேளுங்கள். நமக்குத் தெரிந்த சில கடைகளில் அந்தத் தொகையில் பாதியைச் சம்பளத்தில் கூட்டிக் கொடுத்ததுமே பையன் இரவு வேலையை விட்டுவிட்டான். தொழில் தெரிந்த, கைச்சுத்தமான ஆளை இழந்து புது ஆளைப் பழக்க ஆகும் செலவைவிட இது குறைவு. கூட்டித்தர வசதி இல்லையென்றால் நேரத்தையாவது எட்டு மணியாகக் குறைத்து, அவன் வெளிவேலையைத் தெரிந்தே அனுமதித்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.