முகூர்த்தப் புடவை

முகூர்த்தப் புடவை என்பது தமிழர் திருமணங்களில் தாலி கட்டும் வேளையில் மணப்பெண் உடுத்தும் பட்டுப் புடவை ஆகும். இது கூறைப்புடவை, கூறைச்சேலை எனவும் அழைக்கப்படுகிறது. கூறை என்னும் சொல் ஆடையைக் குறிக்கும். மயிலாடுதுறையில் உள்ள கூறைநாடு இவ்வகைப் புடவைகளுக்குப் பெயர்பெற்றது. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், ஆரணி ஆகிய ஊர்களின் பட்டுப் புடவைகள் இதற்குப் பெரிதும் வாங்கப்படுகின்றன. காஞ்சிபுரம் பட்டு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இலங்கைத் தமிழரிடையே, மணமகன் வீட்டார் வழங்கும் கூறையை மணமகள் உடுத்தி வந்த பின்னரே தாலி கட்டப்படுகிறது.

புடவை உடலின் அளவுக்கு வெட்டித் தைக்கப்படுவதில்லை. எனவே அது ஒருவரின் உடலமைப்புக்குப் பொருந்துவது அதன் நீளம், கரை, எடை, நிறம், உடுத்தும் முறை ஆகியவற்றைப் பொறுத்தே அமைகிறது. ரவிக்கை மட்டுமே அளவெடுத்துத் தைக்கப்படுகிறது.

நீளமும் கொசுவமும்

வழக்கமான புடவை ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளமுடையது. பட்டுப் புடவைகளில் இத்துடன் சுமார் 80 செ.மீ. ரவிக்கைத் துணியும் சேர்த்து நெய்யப்படுகிறது. புடவை இடுப்பை ஏறக்குறைய இருமுறை சுற்றி வருகிறது. ஆகவே இடுப்புச் சுற்றளவு 10 செ.மீ. கூடினால், 20 செ.மீ. துணி கூடுதலாகச் செலவாகும். இது ஏறத்தாழ ஒரு கொசுவ மடிப்புக்கான துணி ஆகும். கொசுவம் குறைந்தால் நடக்கும்போது கால் தடைபடும். பருத்த உடலமைப்பு உடையோர் ரவிக்கைத் துணியை வெட்டாமல் புடவையுடனே விட்டு, ரவிக்கைக்கு வேறு துணி வாங்குவது இதற்கு எளிய தீர்வாகும்.

பிராமணர் திருமணங்களில் உடுத்தப்படும் மடிசாருக்கு ஒன்பது கஜம், அதாவது ஏறத்தாழ 8.2 மீட்டர் தேவை. இதில் துணி கால்களுக்கு இடையே கொண்டுவரப்பட்டுச் செருகப்படுவதால் சம்மணமிட்டு அமர்வது எளிது. ஆனால் இடுப்பில் துணி மிகுதியாகச் சேர்வதால் எடை குறைந்த பட்டே இதற்கு ஏற்றது.

கரை

காஞ்சிபுரம் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறங்களில், தனித்தனி ஊடை நூல்களால் நெய்யப்பட்டு இணைக்கப்படுகின்றன. இது கோர்வை எனப்படும். கரை இரண்டு அங்குலம் முதல் ஓர் அடிக்கு மேலும் இருக்கலாம். உடலுக்கு மாறுபட்ட நிறத்தில் அகன்ற கரை அமைந்தால் அது உருவத்தைக் குறுக்காகப் பிரித்துக் காட்டும். இதனால் உயரம் குறைந்தவர் மேலும் குள்ளமாகத் தோன்றுவர். அவர்களுக்குக் குறுகிய கரையும் சிறு புட்டாக்களும் பொருந்தும். உடலும் கரையும் ஒரே நிறமாக இருப்பின் உருவம் நீண்டு தோன்றும். உயரமானவர்களுக்கு அகன்ற கரையும் பெரிய கட்டங்களும் எடுப்பாக இருக்கும்.

எடையும் விறைப்பும்

பட்டு நூலின் முறுக்கும் சரிகையின் அளவும் புடவையின் எடையைத் தீர்மானிக்கின்றன. சரிகை மிகுந்த புடவை விறைப்பாக நின்று, மடிப்புகளை உடலிலிருந்து விலக்கிக் காட்டும். மெலிந்தவர்களுக்கு இது நிறைவான தோற்றம் தரும். பருத்தவர்களுக்கு இடுப்பை மேலும் பெரிதாக்கிக் காட்டும். உடலில் சரிகை குறைந்து, கரையிலும் முந்தானையிலும் மட்டும் நிறைந்த புடவை உடலோடு படிந்து நிற்கும்.

மணப்பெண் புகையும் வெப்பமும் சூழ்ந்த மணவறையில் நெடுநேரம் அமர்வதுடன், பெரியோரை வணங்க மீண்டும் மீண்டும் குனிந்து எழவும் வேண்டும். நகைகளும் பூவும் சேரும்போது சுமை மேலும் கூடும். ஆகையால் விலையை மட்டும் கருதி மிகக் கனமான புடவையைத் தேர்வது அணிபவருக்குத் துன்பமாக முடியலாம்.

நிறம்

அரக்கு, மஞ்சள், பச்சை, மயில் கழுத்து முதலியன வழக்கமான நிறங்கள். கறுப்பு பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. அடர்நிறங்கள் உடலை ஒடுக்கமாகவும், வெளிர்நிறங்கள் அகலமாகவும் காட்டும். மயில் கழுத்து போன்ற இருநிறப் பட்டில் பாவும் ஊடையும் வெவ்வேறு நிறமாக இருப்பதால் ஒளிக்கேற்ப நிறம் மாறும். எனவே கடை விளக்கில் மட்டுமன்றிப் பகல் வெளிச்சத்திலும் பார்ப்பது நல்லது.

ரவிக்கை

கைப்பகுதியின் கரை முடியும் இடத்தில் பார்வை தங்கும். புயத்தின் பருத்த பகுதியில் முடிவதைவிட முழங்கைக்குச் சற்று மேலே முடிவது கையை ஒடுக்கமாகக் காட்டும். பின்னர் பிரித்துப் பெரிதாக்க உதவும் வகையில் தையலின் உட்புறம் கூடுதல் துணி விடப்படுவதுண்டு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* தோளில் போர்த்திப் பார்ப்பது நிறத்தை மட்டுமே காட்டும். கொசுவம் வைத்து, அமர்ந்து எழுந்து பார்த்தால் எடையும் விறைப்பும் தெரியும்.
* தூய பட்டுக்கு உரிய 'சில்க் மார்க்' முத்திரை 2004 முதல் வழங்கப்படுகிறது.
* பட்டு நூல் எரியும்போது கருகிய மயிரின் மணம் வீசி, நொறுங்கும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கட்டியாகும்.
* அசல் சரிகையில் பட்டு நூலின்மீது வெள்ளிக் கம்பி சுற்றப்பட்டுப் பொன்முலாம் பூசப்பட்டிருக்கும். மலிவான வகையில் செம்புக் கம்பி பயன்படுகிறது.
* காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் நேரடியாக வாங்கலாம். செவ்வாப்பேட்டை, திருவள்ளூர் முதலிய ஊர்களிலிருந்து தொடர்வண்டியில் செல்வோர் அரக்கோணத்தில் மாறிச் செல்லலாம்.

திருமணத்திற்குப் பின்

உடல் காலப்போக்கில் மாறினாலும் புடவையை மாற்றவேண்டியதில்லை. கொசுவ மடிப்புகளின் எண்ணிக்கையே மாறும். தாயின் முகூர்த்தப் புடவையை வேறு உடலமைப்புக் கொண்ட மகளும் உடுத்த முடிவது இதனாலேயே ஆகும். ரவிக்கையை மட்டும் புதிதாகத் தைத்துக்கொண்டால் போதும். நீண்டநாள் வைத்திருக்கும் புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வைக்கவேண்டும். இல்லையெனில் பட்டும் சரிகையும் மடிந்த இடத்திலேயே இற்றுவிடும்.