பருவகாலக் கூலியாளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வாசலும்

நாடுகள் பல ஒன்றுசேர்ந்து பொருளாதார ஒன்றியம் அமைக்கும்போது, எவை எல்லை கடக்கலாம் என்பதே முதல் வினாவாகும். 1957ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை சரக்கு, சேவை, முதலீடு ஆகியவற்றோடு தொழிலாளரும் தடையின்றிச் செல்லும் ஒரு சந்தையைக் கண்முன் வைத்தது. ஆனால் புதிய நாடுகள் சேர்ந்த காலங்களை ஆராய்வோமாயின், ஏனையவை பெரும்பாலும் விரைவில் உள்ளே நுழைய, தொழிலாளர் மட்டும் வாசலில் நிறுத்தப்பட்டதைக் காண்கிறோம். 1981இல் சேர்ந்த கிரேக்க நாட்டவர் 1988 வரையும், 1986இல் சேர்ந்த ஸ்பெயின், போர்ச்சுக்கல் நாட்டவர் 1992 வரையும் இவ்வுரிமைக்குக் காத்திருந்தனர்.

2004 மே 1ஆம் நாள் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. கிழக்கு, மத்திய ஐரோப்பாவின் எட்டு நாட்டுத் தொழிலாளரை, இரண்டும் மூன்றும் இரண்டுமாக ஏழு ஆண்டுகள் வரை தடுத்து வைக்கப் பழைய உறுப்பு நாடுகளுக்கு இடமளிக்கப்பட்டது. போலந்தில் அப்போது ஏறத்தாழ ஐவரில் ஒருவர் வேலையின்றி இருந்தனர். பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்றும் கதவைத் திறந்தன. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரை கூடுதலாகக் குடியேறுவர் என்று பிரிட்டனில் முன்மதிப்பீடு செய்திருந்தனர். வந்தவர்களோ அதனினும் பன்மடங்கினர். ஜெர்மனியும் தன் கதவைத் திறக்கும் என்ற அனுமானத்தின்மேல் அம்மதிப்பீடு நின்றது. ஜெர்மனியோ 2011 ஏப்ரல் 30 வரை திறக்கவில்லை.

எனினும் ஜெர்மனியின் வயல்களில் போலந்து நாட்டவர் இல்லாமற் போகவில்லை என்பதை நாம் உற்று நோக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் இறுதியிலேயே இரு நாடுகளும் பருவகால வேலைக்கென ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. அதன்படி மூன்று மாதம் வேலை செய்யலாம். பின்பு ஊர் திரும்ப வேண்டும். ஒன்றியத்தில் போலந்து சேர்ந்த காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் பேர் இவ்வாறு ஜெர்மனிக்கு வந்து சென்றனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் போலந்து நாட்டவரே. குடிபெயர்வுக்கு அடைத்த கதவு கூலிக்குத் திறந்தே இருந்தது.

அவர்களுடைய வேலைகளுள் பெயர்பெற்றது அஸ்பராகஸ் அறுவடை. நம் நாட்டுத் தண்ணீர்விட்டான் இனத்தைச் சேர்ந்த இச்செடியின் வெண்மையான தண்டு, வெளிச்சம் படுமுன்னே மண்மேட்டுக்குள் கைவிட்டு, ஒவ்வொன்றாக நீண்ட கத்தியால் அறுக்கப்பட வேண்டும். ஏப்ரலில் தொடங்கும் இவ்வறுவடை யோவான் ஸ்நானகன் திருநாளாகிய ஜூன் 24இல் முடிவது மரபு. நாள் முழுவதும் குனிந்தே செய்யும் வேலை இது.

உள்நாட்டில் வேலையற்றோர் பெருகியிருக்க, அயலார் ஏன் என்று ஜெர்மன் அரசு கேட்டது. நியாயமான கேள்விதான். 2006இல், முந்திய அளவில் 80 விழுக்காடு அயல்நாட்டவரையே தடையின்றி அமர்த்தலாம் என்றும், எஞ்சிய இடங்களுக்கு உள்நாட்டு வேலையற்றோரைத் தேட வேண்டும் என்றும் விதித்தனர். திட்டம் பெரும்பாலும் பயனளிக்கவில்லை. வந்தவர் பலர் நிலைக்கவில்லை. உள்நாட்டார் சோம்பேறிகள் என்று இதற்குக் காரணம் கூறுவது எளிது. அது சரியான காரணம் என நாம் கருதவில்லை. இரண்டு மாதக் கூலியைக் கொண்டு ஜெர்மனியில் வீட்டு வாடகை செலுத்திக் குடும்பம் நடத்த இயலாது. போலந்துக் கிராமத்திலோ அக்கூலிக்கு வேறு மதிப்பு உண்டு. அவனுடைய பிள்ளையின் பள்ளியும், தாயின் மருத்துவமும், அவனது முதுமையும் வேறொரு நாட்டின் கணக்கில் இருந்தன. குறுகிய கால வேலைக்கு ஓய்வூதியச் சந்தா தேவையில்லை என்ற சட்ட விலக்கும் இதற்குத் துணை நின்றது. 50 நாளாக இருந்த அவ்வரம்பு 2015இல் 70 நாளாக உயர்த்தப்பட்டது. திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையைப் பிரசங்கிக்கும் நாமும், சந்தைவெளியில் நின்றவனின் வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்பது அரிது.

2011இல் முழு உரிமை வந்தபின், போலந்து நாட்டவர் பலர் ஆண்டு முழுவதும் நீடிக்கும் வேலைகளைத் தேடிச் சென்றனர். அவர்கள் விட்ட வயலுக்கு, 2007இல் ஒன்றியத்தில் சேர்ந்த ருமேனியர் வந்தனர். அவர்களுக்குப் பொதுத்தடை 2013இன் இறுதி வரை நீடித்தது. ஆனால் பருவகால வேலைக்கு மட்டும் 2012இலேயே அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று ஜெர்மனி அறிவித்தது. போலந்தும் தன் வயல்களுக்கு ஆள் தேடி, 2006இல் உக்ரேன் முதலிய அண்டை நாட்டவருக்கு எளிய முறையில் வாசலைத் திறந்தது.

2020இல் கொள்ளைநோயின் பொருட்டு எல்லைகள் மூடப்பட்டபோது இம்முறையின் உண்மைத் தோற்றம் வெளிப்பட்டது. மார்ச்சு மாத இறுதியில் பருவகாலத் தொழிலாளர் நுழைவு தடை செய்யப்பட்டது. சில நாட்களிலேயே ஏப்ரலில் 40,000, மே மாதத்தில் 40,000 என்ற கணக்கில் அவர்களை வானூர்தியில் அழைத்துவர அரசு இசைந்தது. ருமேனியாவின் க்ளூஜ் விமான நிலையத்தில் அவர்கள் நெருக்கியடித்து நின்றனர். சந்தா விலக்கின் வரம்பும் அவ்வாண்டில் 115 நாளாக நீட்டப்பட்டது. பயிரின் தேவைக்கேற்ப நாட்கள் நீண்டன. உழைத்தவனின் ஓய்வூதியக் கணக்கில் அவற்றில் ஒரு நாளும் ஏறவில்லை.

அதே 2020இல் ஜெர்மனி ஜார்ஜியாவோடு பருவகால வேலைக்கென ஓர் ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டவர் வயலுக்கு வந்தனர். ஜார்ஜியா ஒன்றியத்தின் உறுப்பு நாடன்று.